அந்த ரிஃப் யாருடையது? பழைய ராக் பாடல்களின் கிரெடிட் சண்டைகளும் கிட்டார் ஒற்றுமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் ஏ மைனர், ஜி, எஃப் எல்லாம் கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிடும்: "சார், இது அந்தப் பாட்டு மாதிரியே இருக்கே, யார் யாரிடமிருந்து சுட்டது?" வருடா வருடம் அதே பாட்டுகள், அதே கேள்விகள். அவற்றை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் சண்டை போடுவது கிட்டாரை வைத்து. பெயரும் பணமும் தீர்மானமாவது பெரும்பாலும் பாடுகிற மெட்டையும் வரிகளையும் வைத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கீழே வரும் கதைகள் எல்லாம் நடக்கின்றன.

பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறியில் இருக்கும் பெயர்கள் யாருடையவை? வாசித்த எல்லோர் பெயரும் ஏன் இல்லை?

ஒரு இசைத்தட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று பாட்டு, அதாவது மெட்டும் வரியும். இன்னொன்று அந்தப் பாட்டைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலி. அடைப்புக்குறியில் இருப்பவர்கள் முதல் சொத்தின் சொந்தக்காரர்கள். வேறு யார் அந்தப் பாட்டைப் பாடினாலும், ரேடியோவில் ஒலித்தாலும், அவர்களுக்குப் பணம் போகும். வாசித்தவர்களுக்கு அதில் தானாகப் பங்கு வராது. வீட்டைக் கட்டிய கொத்தனார் பெயர் பத்திரத்தில் வருவதில்லையே, அந்த மாதிரி.

சில நேரம் பத்திரம் எழுதுவதே கூத்தாக இருக்கும். தி அனிமல்ஸ் குழுவின் 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' (1964) எல்லோருக்கும் தெரியும். ஏ மைனர், சி, டி, எஃப் என்று கம்பி கம்பியாக மீட்டிக்கொண்டே போகும் அந்தத் தொடக்கத்தைக் கற்காத கிட்டார் மாணவர் இருக்க முடியாது. வாசித்தவர் ஹில்டன் வாலன்டைன். பாட்டு பழைய நாட்டுப்பாடல், எழுதியவர் என்று யாரும் இல்லை. எனவே 'இசை ஒழுங்கு' என்ற வகையில் மட்டும் பெயர் போடலாம். போட்டது ஒரே பெயர்: ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ். ஐந்து பேர் பெயருக்கும் லேபிளில் இடமில்லை, அகர வரிசையில் ஆலன் முதலில் வந்தார் என்பது குழுவினர் பின்னால் சொன்ன காரணம். உலகம் முழுக்க அந்தக் கிட்டாரை வாசிக்கிறது, ராயல்டி ஆர்கன்காரருக்குப் போனது.

இதே பாட்டுக்கு முன்கதையும் உண்டு. டேவ் வான் ராங்க் என்ற நியூயார்க் பாடகர் இதைத் தன் பாணியில் கார்டுகளை (மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றிப் பாடிவந்தார். இளம் பாப் டிலன் அதை எடுத்துத் தன் முதல் ஆல்பத்தில் (1962) பாடிவிட்டார். அப்புறம் வான் ராங்க் பாடினால் "டிலன் பாட்டைப் பாடுகிறார்" என்றார்கள், அவர் நிறுத்திக்கொண்டார். 1964-க்குப் பிறகு டிலன் பாடினால் "அனிமல்ஸ் பாட்டைப் பாடுகிறார்" என்றார்கள், அவரும் நிறுத்திக்கொண்டார். இதை வான் ராங்க்கே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

பெயர் இருந்தால் அவ்வளவு பணமா?

குயீன் குழுவைப் பாருங்கள். 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி' சிங்கிளாக வந்தது. அதை எழுதியவர் ஃப்ரெடி மெர்க்குரி. தட்டின் மறுபக்கம் டிரம்மர் ராஜர் டெய்லர் எழுதிய 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்'. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்கு. அந்தக் கார் பாட்டைத் தேடி யாரும் கடைக்குப் போகவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் டெய்லருக்கு மெர்க்குரியின் அளவு காசு. குழுவுக்குள் இது பல வருடம் புகைந்தது. 1989-ல் வந்த 'தி மிரக்கிள்' ஆல்பத்தில்தான் யார் எழுதினாலும் நான்கு பேர் பெயர் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்கள் உண்டா?

உண்டு. பிளாக் சப்பாத் தொடக்கத்தில் நால்வர் பெயரையும் போட்டது. டீப் பர்ப்பிள் 1970-லிருந்து ஐவர் பெயரையும் போட்டது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு கிட்டார் துண்டு) கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோருடையது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் கிரெடிட்டில் ஐந்து பெயர். தி டோர்ஸ் முதல் ஆல்பத்தில் 'தி டோர்ஸ்' என்று மட்டும் போட்டார்கள், 'லைட் மை ஃபயர்' பெரும்பாலும் கிட்டாரிஸ்ட் ராபி கிரீகர் எழுதியது என்றாலும். என்னைக் கேட்டால் ரிஃப்பை நம்பி நிற்கும் குழுவுக்கு இதுதான் நியாயமான வழி.

'ஸ்டேர்வே டு ஹெவன்' தொடக்கம் திருடப்பட்டதா?

இதற்கு நேரம் ஆகும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஸ்பிரிட் என்ற கலிபோர்னியக் குழு 1968-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் 'டாரஸ்' என்று வரிகளே இல்லாத ஒரு சிறு துண்டு. இயற்றியவர் கிட்டாரிஸ்ட் ராண்டி கலிபோர்னியா. அந்த வருடம் டிசம்பர் 26-ல் லெட் செப்லின் அமெரிக்காவில் முதல் கச்சேரி செய்தது, டென்வரில். அதே மேடையில் ஸ்பிரிட்டும் வாசித்தது. ஸ்பிரிட்டின் வேறொரு பாட்டின் துண்டைச் செப்லின் தங்கள் ஆரம்பக் கச்சேரிகளில் வாசித்ததும் உண்டு. 1971-ல் செப்லினின் 'ஸ்டேர்வே' வந்தது. சந்தேகம் வராமல் இருக்குமா?

ராண்டி வழக்குப் போடவில்லை. 1997-ல் ஹவாய் கடலில் மகனைக் காப்பாற்றப் போய் இறந்துபோனார். அவருடைய அறக்கட்டளையின் பொறுப்பாளர் 2014-ல் வழக்குப் போட்டார். அவ்வளவு தாமதமாகப் போட முடிந்ததற்குக் காரணம், அதே மாதம் 'ரேஜிங் புல்' படம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: இத்தனை வருடம் சும்மா இருந்தாய் என்பதற்காக மட்டும் காப்புரிமை வழக்கைத் தள்ளிவிட முடியாது.

கையில் கிட்டார் இருந்தால் எடுங்கள். நான்காவது கம்பியில் 7-வது ஃப்ரெட். அது ஏ. அங்கிருந்து 6, 5, 4, 3 என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்குங்கள், மெல்லிய கம்பிகளில் ஏ மைனரின் சாயல் தொடர்ந்து ஒலிக்கட்டும். மொத்த வழக்கும் அந்த இறக்கம்தான். 'டாரஸ்' அப்படித்தான் இறங்குகிறது, 'ஸ்டேர்வே'யும் இறங்குகிறது. இனி முதல் கம்பியைக் கவனியுங்கள். 'ஸ்டேர்வே'யில் கீழே இறங்கும்போதே மேலே 5, 7, 8 என்று ஒரு வரிசை ஏறும். கீழே இறக்கம், மேலே ஏற்றம், இரண்டும் விலகிப் போவதில்தான் அந்தத் தொடக்கத்தின் உயிர் இருக்கிறது. 'டாரஸில்' அந்த ஏற்றம் இல்லை.

இறக்கம் மட்டும் என்றால், அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. இங்கிலாந்தின் ஹென்றி பர்செல் 17-ஆம் நூற்றாண்டிலேயே தன் ஆபராவில் சாகப்போகும் ராணியை இப்படி அரை அரை ஸ்வரமாக இறங்கும் பேஸ் (கீழ்ஸ்தாயி வரி) மீது பாடவைத்திருக்கிறார். 'மேரி பாப்பின்ஸ்' (1964) படத்தில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் பாடும் 'சிம் சிம் செரீ'யிலும் இது உண்டு. விசாரணையில் அந்தப் பாட்டின் பெயரும் அடிபட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வழக்கு நடந்தபோது, 1972-க்கு முன் பதிவான ஒலிக்கு அமெரிக்க மத்திய காப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கவில்லை. 1909-ஆம் வருடச் சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் கொடுத்த நொட்டேஷன் தாளில் என்ன இருக்கிறதோ அது மட்டுமே உரிமை. 'டாரஸு'க்காக 1967-ல் கொடுத்திருந்தது ஒரே ஒரு பக்கம். எனவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஜூரிக்கு இசைத்தட்டைப் போட்டுக் காட்டவில்லை, தாளில் இருந்ததை வாசித்துக் காட்டினார்கள். 2016 ஜூன் 23-ல் தீர்ப்பு வந்தது. 'டாரஸை'க் கேட்டதாக நினைவில்லை என்று செப்லின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் சொன்னதை ஜூரி ஏற்கவில்லை, கேட்க வாய்ப்பு இருந்தது என்றே சொன்னார்கள். ஆனால் இரண்டும் காப்புரிமை மீறல் என்னும் அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்றார்கள். 2018-ல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவானது, 2020 மார்ச்சில் பெரிய அமர்வு அதை ரத்துசெய்து பழைய தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

முடிவு சரிதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தாளில் இல்லாதது பாட்டிலேயே இல்லை என்ற கணக்கு எனக்கு உறுத்துகிறது. கிட்டாரிஸ்ட் கம்பியை எப்படி இழுத்தார், எங்கே ஒலியை மங்கவிட்டார் என்பதை எந்தத் தாளில் எழுதுவது?

சரி, அப்படியானால் லெட் செப்லின் மீது சொல்லும் புகார்கள் எல்லாம் பொய்யா?

இல்லை. 'ஸ்டேர்வே' வழக்கில் ஜெயித்தார்கள் என்பதற்காக மற்றதை மறந்துவிட முடியாது.

'ஹோல் லாட்டா லவ்' (1969) வரிகளில் பாதி வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தவை. டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார், 1987-ல் சமரசமானது, இப்போது அவர் பெயர் கிரெடிட்டில் இருக்கிறது. இதில் வேடிக்கை, அந்தப் பாட்டை உலகப் புகழாக்கிய கிட்டார் ரிஃப் பேஜுடைய சொந்தம். மாட்டிக்கொண்டது பாடகர் வாயில் வந்த வரி. ரிஃப் மட்டும் இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

'டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்' இன்னும் மோசம். ஜேக் ஹோம்ஸ் என்பவர் 1967-ல் அதே பெயரில், அதே இறங்கும் பேஸ் வரிசையோடு பாடி வெளியிட்டார். பேஜ் அப்போது இருந்த யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்கு முன்னால் அந்த வருடம் நியூயார்க்கில் ஹோம்ஸ் மேடையேறினார். செப்லின் தட்டில் பேஜ் பெயர் மட்டும் வந்தது. 2010-ல் வழக்கு, பிறகு சமரசம், இப்போது 'ஜேக் ஹோம்ஸின் உந்துதலில்' என்று ஒரு ஒட்டுவேலை. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பெயரும் பேஸும் அப்படியே இருக்கும்போது உந்துதல் என்ன உந்துதல்?

'பேப், ஐ'ம் கோனா லீவ் யூ' மட்டும் கொஞ்சம் மன்னிக்கக்கூடியது. ஜோன் பயஸ் பாடிய தட்டைக் கேட்டு நாட்டுப்பாடல் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அதை எழுதியவர் ஆன் பிரெடன். 1990 முதல் அவருக்குப் பெயரும் பங்கும் கிடைத்தன.

செப்லினின் முதல் ஆல்பத்தில் 'பிளாக் மவுன்டன் சைட்' என்று ஒரு கிட்டார் துண்டு, பின்னணியில் தபேலா. வாசித்தவர் விராம் ஜஸானி. தபேலாவை எடுத்துவிட்டுக் கேட்டால், ஸ்காட்லாந்து கிட்டாரிஸ்ட் பெர்ட் ஜான்ஷ் 1966-ல் வாசித்த 'பிளாக்வாட்டர்சைட்' அப்படியே நிற்கும். மெட்டு பழைய நாட்டுப்பாடல் என்பதால் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. மெட்டைச் சுற்றி விரல்கள் பின்னிய பின்னல் ஜான்ஷுடையது. கிரெடிட்டில் இருப்பது பேஜ் பெயர். பார்த்தீர்களா, மறுபடியும் அதே இடைவெளி.

'ஹோட்டல் கலிபோர்னியா' ஜெத்ரோ டல் பாட்டின் காப்பி என்கிறார்களே?

ஜெத்ரோ டல் குழுவின் 'வீ யூஸ்ட் டு நோ' (1969) பாட்டைப் போட்டு, அதன் மேல் ஈகிள்ஸ் பாட்டை (1976) முணுமுணுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். எனக்கும் முதல் தடவை தூக்கிவாரிப்போட்டது.

ஈகிள்ஸ் கார்டுகள்: பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப். ஒன்றுவிட்டு ஒன்று பாருங்கள். பி, ஏ, ஜி ஒரு இறக்கம். எஃப் ஷார்ப், ஈ, டி இன்னொரு இறக்கம். இரண்டு படிக்கட்டுகளில் மாறி மாறிக் கால் வைத்து இறங்குகிற மாதிரி. டல் பாட்டிலும் இதே யோசனைதான். ஆனால் தாளம் வேறு, அங்கே மூன்று மூன்றாக எண்ண வேண்டும், இங்கே நான்கு நான்காக. பாடும் மெட்டும் வேறு.

இரண்டு குழுக்களும் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரே சுற்றுப்பயணத்தில் வாசித்தது உண்மை. ஆனால் அந்தக் கார்டு வரிசையை இசையமைத்த டான் ஃபெல்டர் ஈகிள்ஸில் சேர்ந்தது 1974-ல்தான். மாலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்து கொடுத்தார், டான் ஹென்லியும் கிளென் ஃப்ரையும் பாட்டாக்கினார்கள். அதனால் மூன்று பெயர். டல் தலைவர் இயன் ஆண்டர்சனே இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன், கார்டு வரிசை யாருக்கும் வரலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். உரியவரே விட்டபின் நாம் ஏன் பஞ்சாயத்து பண்ண வேண்டும்?

தெரியாமலே காப்பி அடிக்க முடியுமா?

முடியும் என்று ஒரு நீதிபதி தீர்ப்பே எழுதியிருக்கிறார்.

பீட்டில்ஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' (1970), தி சிஃபான்ஸ் பெண்கள் குழு பாடிய 'ஹீ'ஸ் சோ ஃபைன்' (1963). இரண்டாவதை எழுதியவர் ரோனி மேக். நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஆபரா இயற்றியவர், பாட்டைப் பிரித்து மேயத் தெரிந்தவர். இரண்டு சிறு துண்டுகளை எடுத்துக்கொண்டார். நம் ஸ்வரத்தில் எழுதினால் முதல் துண்டு ப க ரி. இரண்டாவது ப த ஸ த ஸ. இரண்டு பாட்டிலும் முதல் துண்டு நான்கு தடவை வருகிறது, பிறகு இரண்டாவது துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு ரி வந்து உரசிவிட்டுப் போகிறது.

அந்த ஸ்வரங்களைப் பாருங்கள்: ஸ ரி க ப த. நம் ஊரில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும், மோகனத்தின் ஸ்வரங்கள். உலகத்தில் எத்தனை நாட்டுப்பாடல், எத்தனை கிட்டார் சோலோ இந்த ஐந்து ஸ்வரத்துக்குள் ஓடுகின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. ஐந்து ஸ்வரம் ஒன்றானதால் ஹாரிசன் தோற்கவில்லை. இரண்டு துண்டுகள் அதே வரிசையில், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில், அதே உரசலோடு வந்ததால் தோற்றார். 1976-ல் வந்த தீர்ப்பு, வேண்டுமென்றே செய்யவில்லை, ஆழ்மனம் செய்தது என்றது. காப்புரிமைக்கு அதுவும் மீறல்தான்.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் அசிங்கம். வழக்கு தொடங்கியபோது ஹாரிசனின் மேனேஜராக இருந்த ஆலன் கிளைன், பின்னால் எதிர்க்கட்சியின் பாட்டு உரிமையை 5,87,000 டாலருக்கு வாங்கி, ஹாரிசனிடமே நஷ்டஈடு கேட்கும் இடத்தில் வந்து நின்றார். கோர்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வாங்கின விலைக்கே ஹாரிசனிடம் கொடுத்துவிடு என்று 1981-ல் சொன்னது. மிச்சச் சில்லறைத் தகராறுகள் தொண்ணூறுகள் வரை இழுத்தன.

தன் பாட்டையே காப்பி அடித்ததாக ஒருவர் மேல் வழக்கு வந்ததாமே?

ஜான் ஃபோகர்ட்டி. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவில் இருந்தபோது 1970-ல் 'ரன் த்ரூ தி ஜங்கிள்' எழுதினார். அதன் உரிமை ஃபேன்டஸி நிறுவனத்திடம் போய்விட்டது. பல வருட மௌனத்துக்குப் பிறகு 1985-ல் தனி ஆல்பம் போட்டார். அதில் இருந்த 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' பழைய பாட்டு மாதிரி இருக்கிறது என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது.

1988-ல் ஃபோகர்ட்டி கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். இரண்டு பாட்டையும் வாசித்து, இது என் கை, என் குரல், என் பாணி, ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டு இப்படித்தான் வேறுபடுகிறது என்று விளக்கினார். ஜூரி அவர் பக்கம். கதை அதோடு முடியவில்லை. வக்கீல் செலவு 13 லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருந்தது, அதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். வழக்குப் போட்டவர் ஜெயித்தாலும் எதிர்த்து நின்றவர் ஜெயித்தாலும் செலவுத்தொகை விஷயத்தில் ஒரே அளவுகோல்தான் என்று 1994-ல் தீர்ப்பு வாங்கினார். அமெரிக்கக் காப்புரிமை வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

ராக் கிட்டாரின் தொடக்கமே சக் பெர்ரிதானே? அவர் யாரிடமும் எடுக்கவில்லையே?

எடுத்தார், மறைக்கவும் இல்லை. 'ஜானி பி. குட்' (1958) தொடக்க கிட்டாரைக் கேட்டுவிட்டு, லூயிஸ் ஜோர்டன் 1946-ல் வெளியிட்ட 'எயின்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்' பாட்டின் தொடக்கத்தைப் போடுங்கள். கார்ல் ஹோகன் என்ற கிட்டாரிஸ்ட் கிட்டத்தட்ட அதையே பன்னிரண்டு வருடம் முன்னால் வாசித்திருக்கிறார். ஹோகனுக்குக் காசும் இல்லை, கிரெடிட்டும் இல்லை.

பெர்ரியிடமிருந்து எடுத்தவர்கள் கதை வேறு. பீச் பாய்ஸின் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' (1963) மெட்டு அப்படியே பெர்ரியின் 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்'. அதனால் பாட்டின் உரிமை பெர்ரி தரப்புக்கே போனது. மெட்டு என்றால் காசு கைமாறும், தொடக்க கிட்டார் என்றால் ஒரு சிரிப்போடு முடியும்.

இன்னொன்று. பெர்ரியின் பியானிஸ்ட் ஜானி ஜான்சன், பல பாட்டுகள் நாங்கள் சேர்ந்து உருவாக்கியவை என்று 2000-ல் வழக்குப் போட்டார். ரொம்பக் காலம் கடந்துவிட்டது என்று 2002-ல் தள்ளுபடியானது. ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் இதைப் பற்றி ஒரு நல்ல துப்பு கொடுத்திருக்கிறார்: பெர்ரியின் பாட்டுகள் கிட்டார்காரருக்கு வசதியான ஈ, ஏ ஸ்கேலில் இல்லை, பியானோகாரரின் கைக்கு வசதியான ஸ்கேல்களில் இருக்கின்றன. 'ஜானி பி. குட்' பி ஃப்ளாட்டில் இருக்கிறது. திறந்த கம்பிகளோடு வாசிக்கப் பார்த்த ஒவ்வொரு மாணவனும் இதைத் திட்டியிருக்கிறான்.

ரிஃப்பை மட்டும் எடுத்தால் யாரும் கேட்பதில்லையா?

பெரும்பாலும் இல்லை. பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்' (1964) ரிஃப் பாபி பார்க்கரின் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' (1961) கேட்டு வந்தது, ஜான் லெனனே ஒப்புக்கொண்டார். டீப் பர்ப்பிளின் 'பிளாக் நைட்' ரிஃப் ரிக்கி நெல்சன் பாடிய 'சம்மர்டைம்' பதிவிலிருந்து வந்தது, அதையும் அவர்களே சொன்னார்கள்.

டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' (1970) சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன் ஆர்கன் வரி, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான்பிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' (1969) என்ற வயலின் துண்டை மெதுவாக்கியது. அந்தக் குழு கோர்ட்டுக்குப் போகவில்லை. பதிலுக்கு டீப் பர்ப்பிளின் 'ரிங் தட் நெக்' துண்டை எடுத்து, தன் அடுத்த ஆல்பத்தில் வேறு பெயரில் வாசித்துவிட்டது. கணக்கு தீர்ந்தது.

பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பன்னிரண்டு தாளச் சுற்றில் ஓடும் ப்ளூஸின் வழக்கமான கார்டு வரிசை) யாருக்குச் சொந்தம்?

யாருக்கும் இல்லை.

வாசித்த கலைஞர் பிற்பாடு போராடிப் பெயர் வாங்கியது உண்டா?

உண்டு, ஆனால் எனக்குத் தெரிந்த பெரிய வெற்றிகளில் கிட்டாரிஸ்ட் இல்லை. 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' (1967) பாட்டின் ஆர்கனை வாசித்த மாத்யூ ஃபிஷர், 2005-ல் வழக்குப் போட்டார். பாட்டின் இசையில் 40% பங்கு என்று தீர்ப்பானது. நடுவில் பணம் கிடையாது என்று மேல்முறையீட்டில் சொல்லி, 2009-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே கடைசி மேல்முறையீடு அதனிடம்தான்) மறுபடி கொடுத்தது. பழைய பாக்கி இல்லை, வழக்குப் போட்டதிலிருந்துதான். பிங்க் ஃபிலாய்டின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' (1973) பாட்டில் வார்த்தையே இல்லாமல் கதறும் குரல் கிளேர் டோரியுடையது. 30 பவுண்ட் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர், 2005-ல் சமரசமாகி ரிச்சர்ட் ரைட்டோடு கிரெடிட் பெற்றார்.

சண்டை இல்லாமல் முடிந்ததே கிடையாதா?

ரோலிங் ஸ்டோன்ஸ் 1997-ல் ஒரு புதுப் பாட்டை முடித்து வைத்திருந்தார்கள். கீத் ரிச்சர்ட்ஸின் மகள் கேட்டுவிட்டு, அதன் மேல் கே.டி. லாங்கின் 'கான்ஸ்டன்ட் கிரேவிங்' வரிகளைப் பாட ஆரம்பித்துவிட்டாள். தட்டு வெளியாவதற்கு முன்னாலேயே லாங், பென் மின்க் இருவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். டாம் பெட்டியும் அப்படித்தான். சாம் ஸ்மித்தின் 'ஸ்டே வித் மீ' தன் 'ஐ வோன்ட் பேக் டவுன்' (1989) மாதிரி இருக்க, பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பெட்டிக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய ஜெஃப் லினுக்கும் ஆளுக்கு 12.5%. இதெல்லாம் நடக்கிறதுதான் என்று கோபமே இல்லாமல் பேசினார் பெட்டி.

என் காதுக்கு இரண்டு பாட்டு ஒன்றாகவே கேட்கிறது. எப்படிச் சோதிப்பது?

கிட்டாரைக் கீழே வையுங்கள். இரண்டு பாட்டின் மெட்டையும் வாயால் மட்டும் பாடுங்கள், தொடையில் தாளம் போட்டபடி. ஒற்றுமை போய்விட்டால், நீங்கள் கேட்டது கார்டு வரிசையை. அப்படியும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்வரமாக எழுதிப் பாருங்கள். ஒரே ராகம் என்பது போதாது, ஒரே பிடி, ஒரே இடத்தில், ஒரே எண்ணிக்கையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டுக்கும் மூத்த மூன்றாவது பாட்டு ஒன்றைத் தேடுங்கள். அநேகமாகக் கிடைக்கும். என் வகுப்பில் ஆவேசமாக வந்த பாதிப் புகார்கள் இந்த மூன்றாவது பாட்டில் அடங்கிப்போயின.

நானே போட்ட ட்யூன் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

பால் மெக்கார்ட்னி செய்ததைச் செய்யுங்கள். ஒருநாள் காலை தூங்கி எழுந்தபோது முழு மெட்டும் அவர் தலையில் இருந்தது. கனவில் வந்தது என்பதால் தன்னுடையது என்று நம்ப முடியவில்லை. வரிகளும் இல்லை, முட்டைப் பொரியலைப் பற்றிப் பொம்மை வரி ஒன்றைப் போட்டு ஒரு மாதம் போல இசைத்துறை ஆட்களிடம் பாடிக்காட்டினார்: இதை எங்காவது கேட்டிருக்கிறீர்களா? தெருவில் கிடந்த பொருளைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு உரியவர் வருகிறாரா என்று பார்ப்பதுபோல இருந்தது என்றார் பின்னால். யாரும் உரிமை கோரவில்லை. அதுதான் 'யெஸ்டர்டே' (1965). அதில் பாடியதும் கிட்டார் வாசித்ததும் மெக்கார்ட்னி, கூட நான்கு பேர் கொண்ட வயலின், செல்லோ குழு. பீட்டில்ஸில் வேறு யாரும் அதில் இல்லை. பழைய ஒப்பந்தப்படி தட்டில் வந்த பெயர் லெனன்-மெக்கார்ட்னி. பல வருடம் கழித்து, இந்த ஒரு பாட்டுக்காவது என் பெயரை முன்னால் போடலாமா என்று கேட்டுப் பார்த்தார். லெனனின் மனைவி யோகோ ஓனோ ஒப்புக்கொள்ளவில்லை.